தலைப்பிலிருந்து கேள்விக்கு: இளநிலை மாணவருக்கு ஆய்வு கற்றுத்தரும் வகுப்பு

செமஸ்டர் முடியும் வாரத்தில் கலைக் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் மேசைமேல் ஓர் அடுக்கு தெரியும். கெட்டி அட்டை, அதன்மேல் பொன்னிற எழுத்தில் ஆய்வுத் தலைப்பு, உள்ளே நன்றியுரை, பிறகு ஐந்து இயல்கள். பக்கத்துக்கு ஓர் அட்டவணை இருக்கும். அதன்கீழ் அதையே சொற்களில் திரும்பச் சொல்லும் வாக்கியம் ஒன்றும் இருக்கும்: "மேற்கண்ட அட்டவணையிலிருந்து, பதிலளித்தோரில் 60 விழுக்காட்டினர் பெண்கள் என அறிய முடிகிறது." எழுபது எண்பது பக்கம் புரட்டிய பிறகும் ஒரு விஷயம் மட்டும் கைக்குச் சிக்காது. இந்த மாணவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்பினார்?

இதற்காக நான் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் படிப்பில் அவர்களிடம் யாரும் "உனக்கு என்ன கேள்வி இருக்கிறது?" என்று கேட்டதில்லை. கல்லூரியின் முதல் ஐந்து செமஸ்டர்களிலும் கேட்கவில்லை. ஆறாவது செமஸ்டரில் திடீரென்று ஒரு தலைப்பைக் கொடுத்து ஆய்வு செய் என்கிறோம். நீச்சல் தெரியாதவனைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு, கரையேறும் வேகத்துக்கு மதிப்பெண் போடுவதுபோல இருக்கிறது இது. அவன் பாதுகாப்பாகத் திரும்ப ஒரே வழி, போன ஆண்டு மூத்த மாணவர் கட்டிக்கொடுத்த ஏட்டை வாங்கி ஊர்ப்பெயரை மாற்றுவதுதான்.

இதற்கு மாற்றாக, உலகின் பல பல்கலைக்கழகங்களில் இளநிலை மாணவருக்கென்று ஒரு தனி வகுப்பு உண்டு. பொருளியல், சமூகவியல், அரசியல் அறிவியல், வரலாறு எனப் பல துறை மாணவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆய்வின் அடிப்படைகளை ஒரு செமஸ்டர் முழுவதும் கையால் செய்து பழகுகிற வகுப்பு. நாங்கள் நான்கு துறை ஆசிரியர்கள் சேர்ந்து இரண்டாம் ஆண்டு மாணவர்கள் இருபது பேருக்கு அப்படி ஒரு வகுப்பை நடத்திப் பார்த்திருக்கிறோம்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நம் கல்லூரிகளில் 'செமினார்' என்றால் இரண்டு பொருள்தான். ஒன்று, பொன்னாடையும் பதாகையும் வரவேற்புரையும் கொண்ட கருத்தரங்கு. மற்றொன்று, மாணவர் திரையைப் பார்த்துப் பத்து நிமிடம் படித்துவிட்டு உட்காரும் அசைன்மென்ட். மூலத்தில் அந்தச் சொல் இரண்டையும் குறிக்கவில்லை. லத்தீன் மொழியில் 'செமினாரியும்' என்றால் நாற்றங்கால். விதையை நேரே வயலில் எறியாமல் ஓரிடத்தில் நெருக்கமாக முளைக்கவிட்டு, பக்குவம் வந்ததும் பிடுங்கி நடுவதற்கான பாத்தி. ஜெர்மனியின் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் 18ஆம் நூற்றாண்டில் மொழிநூல் மாணவருக்கு இத்தகைய வகுப்பு தொடங்கியது. அடுத்த நூற்றாண்டில் பெர்லினில் வரலாற்றாசிரியர் லியோபோல்ட் ஃபான் ராங்கே, தேர்ந்தெடுத்த சில மாணவரைக் கூட்டி உட்காரவைத்து, பழைய ஆவணங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கப் பழக்கினார். எழுதியவர் யார், எப்போது எழுதினார், நேரில் பார்த்தாரா, யாரிடமாவது கேட்டு எழுதினாரா? 1876இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் திறந்தபோது இந்த முறை கடல் கடந்தது. ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் முதிர்ந்த மாணவருக்கானது. தொடக்கநிலை மாணவருக்கு ஜெர்மனியில் 'புரோசெமினார்' என்ற படிக்கட்டு தனியே உண்டு. அமெரிக்காவில் 1969இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் (எம்.ஐ.டி.), இளநிலை மாணவரைப் பேராசிரியரின் ஆய்விலேயே சேர்த்துக்கொள்ளும் திட்டத்தைத் தொடங்கியது.

நம் மரபுக்கும் இது புதிதல்ல. ஆசிரியர் சொன்னதைச் செவ்வையாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்குதான் என்கிறது நன்னூல். உடன் பயில்வோரோடு பயின்றால் இன்னொரு கால். மிச்சம் இரண்டு காலும் தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். பாதிப் படிப்பு வாயைத் திறந்து விளக்கும்போது நிகழ்கிறது என்று ஓர் இலக்கண நூல் கணக்குப் போட்டிருக்கிறது. நம் வகுப்பறையில் அந்தப் பாதிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம் என்று பாருங்கள்.

இளநிலை மாணவரால் என்ன பெரிய ஆய்வு செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஸ்லேட்டர் கிராமங்களின் கதை. கில்பர்ட் ஸ்லேட்டர், ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்துவிட்டு, 1915 டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தவர். இங்கிலாந்தின் பாடநூலைக்கொண்டு இந்தியப் பொருளாதாரத்தைக் கற்பிப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. ஆகவே 1916இல் மாணவர்களின் கையில் வினாநிரல் ஒன்றைக் கொடுத்து, அவரவர் சொந்த ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். நிலம் யார் கையில், கூலி எவ்வளவு, கடன் யாரிடம், என்ன பயிர், என்ன தொழில்? அந்த அறிக்கைகளைத் தொகுத்து 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக வெளியிட்டார்.

அந்த ஊர்களில் இன்றைய தமிழ்நாட்டில் இருப்பவை ஐந்து: இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான். 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் ஊர்களுக்குத் திரும்பப் போய் மறு ஆய்வு நடத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இலும் போயிருக்கிறார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் ஓர் ஊரின் நிலமும் கூலியும் சாதி உறவும் எப்படி மாறின என்று வரிசையாகப் பார்க்க முடிகிற இடங்கள் இந்தியாவில் மிகச் சில. அந்த வரிசையின் முதல் கண்ணி, கல்லூரி மாணவர்கள் எழுதிக் கொண்டுவந்த தாள்.

அந்தத் தாள்களில் குறை இல்லாமல் இருக்காது. ஊர்ப் பெரிய வீட்டுப் பையன் தன் ஊரைப் பற்றி எழுதும்போது அவன் யாரிடம் கேட்டிருப்பான், எந்தத் தெருவுக்குள் போயிருக்க மாட்டான் என்ற கேள்வி எழத்தான் செய்யும். இதை நாங்கள் வகுப்பில் மறைப்பதில்லை. அதையே முதல் பயிற்சியாக வைத்துக்கொள்கிறோம். உங்கள் ஊரைப் பற்றி எழுதுவதென்றால், நீங்கள் யாரிடம் எளிதில் பேச முடியும், யார் உங்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்? ஒரு பக்கம் எழுதுங்கள். இருபது வயதில் அந்த ஒரு பக்கத்தை நேர்மையாக எழுதியவர், ஆய்வாளரின் இடம் என்ன என்று தனியாக ஓர் இயல் படிக்க வேண்டியதில்லை.

இனி வகுப்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். ஒரு மாணவி கொண்டுவந்த தலைப்பு 'மகளிர் கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் – ஓர் ஆய்வு'. 'ஓர் ஆய்வு' என்று முடியும் தலைப்பு வந்தால், அதற்குள் இன்னும் கேள்வி பிறக்கவில்லை என்று பொருள். அதைத் திருப்பிக் கொடுக்காமல் மேசையின் நடுவில் வைத்தோம். 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது என்ன?

பொருளியல் மாணவர் உடனே மிச்சமாகும் பணத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பணம் வீட்டில் யார் கைக்குப் போகிறது? சமூகவியல் மாணவி மறித்தார். பணம் இருக்கட்டும், வெளியே போவதற்கு வீட்டில் யாரிடம் சொல்ல வேண்டியிருந்தது, இப்போது சொல்ல வேண்டியிருக்கிறதா? அரசியல் அறிவியல் மாணவருக்கு அரசாணையும், போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டும் தொகையும் முக்கியமாகப் பட்டன. வரலாற்று மாணவர், பல்லவன் போக்குவரத்துக் கழகம் 1972இல் அமைந்ததிலிருந்து தொடங்க வேண்டும் என்றார். மலையடிவாரத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "எங்கள் ஊருக்கு வருவது புறநகர்ப் பேருந்து மட்டும்தான் ஐயா. அதில் டிக்கெட் எடுக்க வேண்டும்." அதுவரை யாரும் நகரப் பேருந்து வராத ஊரை நினைத்துப் பார்க்கவே இல்லை.

பல துறைகளை ஒரே மேசையில் அமர்த்துவதன் பயன் இதுதான். துறைக்கு ஒரு விரிவுரை என்று அடுக்கினால் கிடைப்பது கதம்பம். ஒருவர் கேள்வி இன்னொருவர் கண்ணுக்குத் தப்பியதைக் காட்டினால்தான் அது ஆய்வு வகுப்பு. தன் துறைக்குள்ளேயே இருக்கும் மாணவருக்குத் தன் துறையின் வேலி எங்கே இருக்கிறது என்பது தெரிவதில்லை.

அந்த மாணவி அடுத்த வாரம் ஒரு செய்தித்தாள் நறுக்கோடு வந்தார். திட்டம் தொடங்கியதிலிருந்து இத்தனை கோடிப் பயணங்கள் என்று அதில் ஓர் எண். அதைப் பார்த்து, இத்தனை கோடிப் பெண்கள் பயனடைந்தார்கள் என்று எழுதியிருந்தார். நடத்துநர் கொடுக்கும் கட்டணமில்லா டிக்கெட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னோம். அதில் பெண்ணின் பெயர் இல்லை. ஏறும் ஒவ்வொரு முறையும் ஒரு டிக்கெட். ஒரு பெண் வேலைக்குப் போக இரண்டு பேருந்து மாறினால் போக இரண்டு, வர இரண்டு. மாதம் 25 நாள் என்றால் ஒரே பெண் நூறு டிக்கெட். அந்தக் கோடிகள் பயணங்களின் எண்ணிக்கை, பெண்களின் எண்ணிக்கை அல்ல. எதை எண்ணுகிறோம் என்பதை அவர் அன்று ஒரு காகிதத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு கற்றார். புள்ளியியல் பாடத்தில் அலகு என்ற சொல்லை மனப்பாடம் செய்திருந்தவர்தான்.

பிறகு வினாநிரல். முதல் வரைவில் முதல் கேள்வி: "இத்திட்டம் உங்களுக்குப் பயனுள்ளதாக இருக்கிறதா? ஆம் / இல்லை." பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பெண்ணிடம், கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒருத்தி அரசுத் திட்டம் பற்றிக் கேட்டால் என்ன பதில் வரும்? எல்லோரும் ஆம் என்பார்கள். நூற்றுக்கு நூறு ஆம் வரும் கேள்வியால் ஒன்றும் தெரியவராது. அதை அடித்துவிட்டு வைத்த கேள்வி: "நேற்றுக் காலையிலிருந்து எங்கெல்லாம் போனீர்கள்? எப்படிப் போனீர்கள்?" கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேட்பது. இதற்குப் பதில் சொல்ல ஐந்து நிமிடம் பிடிக்கும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் அம்மா வீட்டுக்குப் போனது, பூ வாங்கச் சந்தைக்குப் போனது, நிற்க வேண்டிய பேருந்து நிற்காமல் போனது எல்லாம் வரும். ஐம்பது பேருக்குக் கூகுள் படிவம் அனுப்பி, அதுவும் தன் வகுப்புத் தோழிகளுக்கே அனுப்பி, மாலைக்குள் தரவு சேர்த்துவிடும் பழக்கத்துக்கு நேர் எதிரான வேலை இது.

கேட்கும் இடமும் முக்கியம். கணவர் பக்கத்தில் நிற்கும்போது கேட்ட பதிலும், தனியே கேட்ட பதிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்று முதலில் சொல்ல வேண்டும். பெயரை எழுத மாட்டோம் என்று சொன்னால் எழுதவே கூடாது. வேண்டாம் என்றால் அத்தோடு நிறுத்த வேண்டும். ஆய்வு அறம் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோம். அடிப்படையில் அது பிறர் நேரத்துக்கும் நம்பிக்கைக்கும் கொடுக்கும் மரியாதை.

மேற்கோள் பற்றி ஒரு பழைய மனக்குறை எனக்கு உண்டு. நாம் அதைத் தண்டனைச் சட்டமாகவே கற்பிக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமையை விழுக்காட்டில் அளக்கிறது. பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை, அதற்குமேல் 40, 60 என்று படிப்படியாகத் தண்டனை கூடும். இதன் விளைவாக, மாணவர்கள் சொல்லை மாற்றி விழுக்காட்டைக் குறைக்கும் வித்தையைக் கற்றுக்கொண்டார்கள். மேற்கோள் எதற்கு என்பதைக் கற்கவில்லை. உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரையில் எந்த ஊரில், யார் வீட்டில், எந்தச் சுவடி கிடைத்தது என்று எழுதிவைத்தார். நன்றி ஒரு காரணம். இன்னொரு காரணம், சந்தேகம் வந்தால் அடுத்தவர் அந்தச் சுவடியைத் தேடிப் போய்ப் பார்க்கலாம். அடிக்குறிப்பு என்பது பின்னால் வருபவருக்கு விட்டுவைக்கும் வழித்தடம்.

வகுப்பில் இதை ஓர் எண்ணைக்கொண்டு காட்டுவோம். தமிழ்நாட்டின் எழுத்தறிவு வீதம் என்ன என்று கண்டுபிடித்துவரச் சொன்னால் ஒருவர் 80.33 என்பார், இன்னொருவர் 80.09 என்பார். இருவரும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றுதான் எழுதியிருப்பார்கள். இருவரும் சரியே. முதலாவது அந்த ஆண்டே வெளியான தற்காலிக எண், இரண்டாவது பின்னர் வந்த இறுதி எண். எந்த வெளியீடு என்று எழுதாததால் இருவராலும் மற்றவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. மூன்றாமவர் தேசியக் குடும்ப நல ஆய்விலிருந்து வேறோர் எண்ணைக் கொண்டுவருவார். கணக்கெடுப்பு ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரையும் கொள்கிறது. எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறது. குடும்ப நல ஆய்வில் பெண்கள் என்றால் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்கள். அதிகம் பள்ளி போகாதவர்களிடம் வாக்கியம் எழுதிய அட்டையை நீட்டிப் படிக்கச் சொல்கிறார்கள். எழுத்தறிவு என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இரண்டு வேறு செயல்கள். இந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, அடிக்குறிப்பு எதற்கு என்று எந்த மாணவரும் எங்களிடம் கேட்டதில்லை. இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்ட காலத்தில், மூலத்தைப் போய்ப் பார்க்கும் இந்தப் பழக்கம் முன்னெப்போதையும்விடத் தேவைப்படுகிறது.

போய்ப் பார்ப்பது என்றால் உண்மையாகவே போக வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு நாள் அழைத்துப் போகலாம். கோட்டையூரில் தனி ஒருவர் ஆயுள் முழுவதும் சேர்த்த நூல்களிலிருந்து பிறந்த நூலகம் அது. பழைய இதழில் வந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்ற மாணவரைப் பார்த்திருக்கிறேன். அன்று அவர் குறிப்பேட்டில் எழுதிய நான்கு வரி, அவர் அதுவரை எழுதிய எல்லா அசைன்மென்ட்டையும்விட நன்றாக இருந்தது.

இவ்வளவும் நல்லதென்றால் ஏன் எங்கும் நடக்கவில்லை? முதல் தடை, ஆள். இருபது மாணவருக்கு நான்கு ஆசிரியர் உட்காரும் வகுப்பை, அறுபது பேருக்கு ஒருவர் என்று இருக்கும் கல்லூரியால் எளிதில் தாங்க முடியாது. கௌரவ விரிவுரையாளர் ஊதியத்தில் ஓடியோடிப் பாடம் எடுப்பவரிடம் ஒவ்வொரு வரைவையும் படித்துத் திருத்துங்கள் என்று கேட்பது நியாயமும் அல்ல. அடுத்தது மதிப்பெண். அகமதிப்பீட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்ற பழகிய பிரிவில், அடித்துத் திருத்திய மூன்று வரைவுகளுக்கு இடமே இல்லை. இறுதியில் கட்டிக் கொடுக்கும் ஏட்டுக்குத்தான் மதிப்பெண் என்றால் மாணவர் ஏட்டைத்தான் கட்டுவார்.

மூன்றாவது, ஆய்வு யாருக்கு என்பதில் நமக்குள்ள தயக்கம். மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைக் கட்டமைப்பு, நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய பட்டத்துக்கு வழி செய்கிறது. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு எடுத்தவர்களுக்கு அது உரியது. இளநிலையில் ஆய்வுக்கு இடம் தந்ததை வரவேற்கிறேன். ஆனால் வாசலை நான்காம் ஆண்டில் வைத்ததும், மதிப்பெண் கொண்டு மறித்ததும் சரியல்ல என்பது என் கருத்து. மனப்பாடத்தில் தேறியவர்தான் கேள்வி கேட்கத் தகுதியானவர் என்று அது முன்கூட்டியே முடிவுகட்டுகிறது. நகரப் பேருந்து வராத ஊரைப் பற்றிச் சொன்ன மாணவருக்கு அந்த 75 இல்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான கலைக் கல்லூரிகளில் பட்டம் மூன்றாண்டுதான் என்பதால், இந்த வகுப்பு இரண்டாம் ஆண்டிலேயே, எல்லோருக்கும் வர வேண்டும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் சிறப்புப் பட்டம் பயில்வோர் இறுதியாண்டில் ஆய்வேடு எழுதுகிறார்கள், தமிழிலும் எழுதுகிறார்கள். இங்கே களத்தில் தமிழில் கேட்டு, தமிழில் குறித்துக்கொண்டு, ஏட்டில் மட்டும் ஆங்கிலத்துக்குத் தாவுகிற மாணவர்கள் ஏராளம். அந்தத் தாவலில்தான் தகவலாளி சொன்ன சொல் தொலைகிறது. "போய் வந்தால் மனசு லேசாகிறது" என்று ஒருவர் சொன்னது, ஏட்டில் 'மன நிறைவு – உயர்' என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறது. சொன்னவரின் சொல்லை அப்படியே எழுதிக்கொள், பிறகு வேண்டுமானால் விளக்கு என்பது எங்கள் வகுப்பின் விதி.

அந்த மாணவி மூன்றாவது வரைவைக் கொண்டுவந்த நாளில் 'ஓர் ஆய்வு' போய்விட்டிருந்தது. பதினொரு பெண்களிடம்தான் பேசியிருந்தார். அதை முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். எல்லோரும் ஒரே நிறுத்தத்தில், காலை எட்டு மணிக்கு முன்னால் ஏறுபவர்கள் என்பதையும் எழுதியிருந்தார். தலைப்பு இருந்த இடத்தில், நீல மையில் இரண்டு முறை அடித்து மீண்டும் எழுதிய கேள்வி ஒன்று இருந்தது: "டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்றான பிறகு, வேலையைத் தவிர வேறெதற்காக இந்தப் பெண்கள் பேருந்து ஏறுகிறார்கள்?" அதன் ஓரத்தில் சமூகவியல் மாணவி பென்சிலில் சேர்த்திருந்தார்: "மாலையில் ஏறுபவர்களையும் கேட்க வேண்டும்."